நாவலை நாடகமாக்கப் போய் ஒன்றரை லட்சம் போன கதை

நாடகம் போட்டால் கையைக் கடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். பள்ளி ஆண்டு விழா, திருவிழா மேடை என்று மண்டபம், ராமநாதபுரம் பக்கம் சின்னச் சின்ன நாடகங்கள் போட்டுப் பழகியவன்தான் நான். ஆனால் ஆட்டிசம் உள்ள 14 வயதுப் பையன் தன் வாயாலேயே சொல்லும் ஒரு நாவலை மேடைக்குக் கொண்டுவர இறங்கியபோது, பணம் போன இடமும் தூக்கம் போன இடமும் நான் கனவிலும் நினைக்காதவை. மொத்தச் செலவு 1,82,000 ரூபாய். டிக்கெட், நன்கொடை எல்லாம் சேர்த்துத் திரும்பி வந்தது 31,000. மீதி என் மனைவியின் நகைக்கடன் ரசீதில் இருக்கிறது. இதையெல்லாம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு நாடகக்காரர்களைத் தெரியும். பாம்பன் ரோட்டில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு நான் யாரைக் கேட்பது? இனி இறங்குகிறவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். நாவலின் பெயரைச் சொன்னால் சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். அது வேண்டாம்.

முதல் அடி உரிமையில் விழுந்தது. நாவலாசிரியரிடம் போனில் பேசினேன். மனுஷர் தங்கமானவர். "தாராளமா போடுங்க தம்பி, எனக்குப் பணமே வேண்டாம்" என்றார். கதை நடக்கும் மலையடிவார ஊரைக் கடலோரமாக மாற்றிக்கொள்ளவும் சம்மதித்தார். எழுத்தில் கேட்டேன், ஒரு கடிதமும் அனுப்பினார். ஒத்திகை பாதி ஓடியிருந்தபோது ஒரு சினிமாத் தயாரிப்பு அலுவலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே அவர் அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். பட உரிமை மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார் பாவம். ஒப்பந்தத்தில் மேடை உட்பட எல்லா வடிவமும் என்று ஒரு வரி இருந்தது. படம் எடுக்கும் அறிகுறியே இல்லை, ஆனால் பூட்டுச் சாவி அவர்களிடம். கடைசியில் 25,000 ரூபாய் கொடுத்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள் வாங்கினேன். அதற்குள் முதலில் குறித்த தேதி போய்விட்டது. கல்யாண மண்டபத்துக்குக் கொடுத்த 20,000 அட்வான்ஸும் போயே போச்சு. ராத்திரியெல்லாம் மொட்டை மாடியில் உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

ராமநாதபுரம் கோர்ட்டில் வக்கீலாக இருக்கும் நண்பர் பிற்பாடு விளக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் நாவலை நாடகமாக மாற்றி எழுதுவது தனி உரிமை, அதை மேடையில் நடத்துவது தனி உரிமை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் 5 வருஷம் என்று அர்த்தம். எந்த இடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியா முழுக்க. வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. எங்கள் கெட்ட நேரம், வேறு மாதிரிதான் எழுதியிருந்தது. அதனால் நாவலாசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "போடலாமா" என்பது அல்ல. "இதற்கு முன் யாருக்காவது எதிலாவது கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா, அந்தத் தாளைப் பார்க்கலாமா" என்பதுதான். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். அமெச்சூர் குழு டிக்கெட் இல்லாமல் இலவசமாக நடத்தினால் சட்டத்தில் சலுகை உண்டே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது இருக்கிற பிரதியை நடத்துவதற்கு. நாவலைப் புதிதாக நாடகமாக்கி எழுதுவதற்கு அந்தச் சலுகையை நம்பி இறங்க வேண்டாம்.

சரி, தாள் வந்தது. இனி பிரதி. 'நான்' என்று தன்மையில் சொல்லப்படும் நாவலில் எல்லாமே அந்தப் பையனின் மண்டைக்குள் நடக்கிறது. வெளியே அவன் பேசுவது கொஞ்சம். மேடையில் தெரிவது வெளியேதான். அப்புறம் நாவலின் உயிர் எங்கே போகும்? இந்தக் கேள்விக்கு லண்டனில் ஒரு விடை கண்டிருக்கிறார்கள். ஆங்கில எழுத்தாளர் மார்க் ஹாடன் 2003-ல் எழுதிய நாவலை, 15 வயது கிறிஸ்டோபர் சொல்லும் கதையை, சைமன் ஸ்டீபன்ஸ் நாடகமாக்கி, மரியான் எலியட் இயக்கத்தில் 2012-ல் நேஷனல் தியேட்டரில் போட்டார்கள். அதில் பையன் எழுதிய புத்தகத்தை அவனுடைய ஆசிரியை வாய்விட்டு வாசிக்கிறார். அவன் மனசு அவர் குரலில் வெளியே வருகிறது. அவன் தன் பாட்டுக்கு மேடையில் அவனாக இருக்கிறான். ஹாடனின் நாவலில் ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது என்பதையும் கவனியுங்கள். என் பிரதியிலும் அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். எடுத்தபின் வசனம் மூச்சு விட்டது.

ஆனால் வாசிக்கும் ஆசிரியை நம் ஊருக்கு ஒட்டவில்லை. ஒத்திகையில் போட்டுப் பார்த்தோம், பள்ளிக்கூட ஒப்பித்தல் போட்டி மாதிரி இருந்தது. அப்போதுதான் ஸ்பெஷல் நாடகம் ஞாபகம் வந்தது. இந்தப் பக்கம் கோயில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம். மேலேயிருந்து மைக் தொங்கும், ஓரத்தில் ஆர்மோனியம், முதலில் பபூன் வருவார். வந்ததும் நேராகக் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார், ஊர்க்கதை அளப்பார், திடீரென்று திரும்பி நாடகத்துக்குள் போய்விடுவார். யாரும் குழம்புவதில்லை. எங்கள் பையனுக்கும் அதையே கொடுத்தேன். மேடையின் முன்னால் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டோம். அதற்குள் நின்றால் கூட்டத்தோடு தாராளமாகப் பேசுவான். கட்டத்தைத் தாண்டிக் கதைக்குள் போனால் இரண்டு சொல், மூன்று சொல்தான். அவனால் பேசவே முடியாமல் போகும் ஓரிரு இடங்களில் மட்டும் அக்கா பாத்திரம் அவன் நோட்டை எடுத்து வாசிக்கும். என்னமோ பெரிய புதிர் என்று பயந்துகொண்டிருந்தேன். முதல் காட்சியிலேயே கூட்டம் பிடித்துக்கொண்டது. வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்த பாட்டிகள் பட்டதாரிகளுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்கள்.

நடிகர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் நிதானம் வேண்டும். கீழக்கரைப் பக்கம் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் முக்கிய வேடம். உழைப்பாளி. யூடியூபில் வீடியோக்கள் பார்த்துப் பார்த்து, கையை உதறுவது, கண்ணைப் பார்க்காமல் இருப்பது, முன்னும் பின்னும் ஆடுவது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தான். எல்லோரும் "அப்படியே இருக்குப்பா" என்று கை தட்டினோம். பாம்பனிலிருந்து ஒரு அம்மா தன் 16 வயது மகனோடு ஒத்திகைக்கு வந்திருந்தார். மகனுக்கு ஆட்டிசம். பேச்சு குறைவு, போனில் தட்டச்சு செய்து சொல்வான். அவர் ஒரு மணி நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு நடிகனைக் கூப்பிட்டு, கிண்டலே இல்லாமல், "தம்பி, இவ்வளவு நேரம் கையை ஆட்டுறீங்களே, வலிக்கலையா?" என்று கேட்டார். அவன் முகம் செத்துவிட்டது. அவர் தொடர்ந்தார்: "எம் புள்ள காரணம் இல்லாம ஆட்ட மாட்டான். ரயில் வந்தா ஒரு மாதிரி ஆட்டுவான். கரண்டு போனா வேற மாதிரி. நீங்க எதுக்கு ஆட்டுறீங்கன்னு எனக்குப் புரியலை."

அன்றிலிருந்து விதி ஒன்று வைத்தோம். ஒவ்வொரு அசைவுக்கும் பிரதியின் ஓரத்தில் காரணம் எழுத வேண்டும், காரணம் இல்லாத அசைவு வெட்டு. முக்கால்வாசி போய்விட்டது. மிஞ்சியது நான்கைந்து, அவையும் வரும்போதுதான் வரும். அவன் நடிப்பு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது என்று சொல்வேன். ஆட்டிசம் உள்ள நடிகரையே தேடியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 2017-ல் இண்டியானா ரெப்பர்ட்டரி தியேட்டரில், மேலே சொன்ன அதே நாடகத்தில், கிறிஸ்டோபராக நடித்த மிக்கி ரோவ் ஆட்டிசம் உள்ளவர்தான். நாங்களும் தேடினோம். நடிக்க விருப்பமுள்ளவர் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம்.

அந்த அம்மாவின் மகன் என் பிரதியில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தான். எங்கள் பையன் பயம் வரும்போது பாம்பன் ரயில் பாலத்தின் கண்களை எண்ணுவதாக எழுதியிருந்தேன், பழைய பாலத்தின் கணக்கில். அவன் போனில் தட்டிக் காட்டினான்: புதுப் பாலம், 18.3 மீட்டரில் 99, தூக்கும் கண் 72.5 மீட்டரில் 1. 2025 ஏப்ரலில் திறந்த பாலத்தை, அது கட்டப்படும்போதே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். வசனத்தை மாற்றினேன். ஆட்டிசம் என்றால் கணக்கில் புலி என்று சினிமா ஒரு பிம்பத்தை விதைத்து வைத்திருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை, இவனுக்கு ரயில் பிடிக்கும், அவ்வளவுதான். இருவருக்கும் ஆலோசகர் என்று நாடக நோட்டீஸில் போட்டு 5,000 ரூபாய் கொடுத்தேன். அம்மா வாங்க மறுத்தார். மகன் வாங்கிக்கொண்டான். இப்படி வருகிறவர்களுக்கு நன்றியும் சால்வையும் கொடுத்து அனுப்பாதீர்கள். வண்டிக்கூலி, ஒருநாள் வேலை எல்லாம் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

இனி சத்தம். நாவலில் பையன் சந்தையில் தொலைந்து போவான். நாங்கள் அதை மீன் ஏலக்கூடம் ஆக்கினோம். ஐஸ் உடைக்கும் மெஷின், ஏலக்காரர் குரல், டாட்டா ஏஸ் ஹாரன், காக்கை. ஒலிபெருக்கிக்காரர் கீழக்கரைக்காரர், நாங்கள் காக்கா என்று கூப்பிடுவோம், அந்தப் பக்கம் அண்ணனை அப்படித்தான் சொல்வார்கள். விடிகாலையில் போய் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டு வந்தார். முதலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து காது கிழிய விட்டோம். பாம்பன் பையன் எழுந்து வெளியே போய்விட்டான், அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. யாருக்காக இந்த நாடகமோ அவனே உட்கார முடியாத காட்சியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவன் அம்மாதான் வழி சொன்னார். நமக்குப் பேசிக்கொண்டிருக்கும்போது பேன் சத்தம் பின்னால் போய்விடுகிறது, அவனுக்குப் போவதில்லை, எல்லாச் சத்தமும் முன்னாலேயே நிற்கிறது என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டோம். ரெக்கார்டிங்கை ஓரங்கட்டிவிட்டு, நான்கு நடிகர்கள் வாயாலேயே நான்கு சத்தம். ஒருவர் ஐஸ் மெஷின், ஒருவர் ஏலம், ஒருவர் ஹாரன், ஒருவர் காக்கை. எல்லாம் சாதாரணப் பேச்சு அளவுதான். ஆனால் ஒருவரும் குறைக்கக் கூடாது. அக்கா வந்து பேசும்போதும் குறைக்கக் கூடாது. அக்கா என்ன சொல்கிறாள் என்று கூட்டத்துக்கும் கேட்காது. அரை நிமிஷத்தில் பின்வரிசையில் ஒருவர் "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்று கத்தினார். எனக்கு அது போதும். இதில் லாபமும் உண்டு. முதல் நாள் அந்தக் காட்சி நடக்கும்போது கரண்டு போனது, காட்சி நிற்கவே இல்லை.

கல்யாண மண்டபம் பற்றி நான்கு வார்த்தை. தரையில் டைல்ஸ், மேலே தகரக் கூரை, பேசுவதெல்லாம் எதிரொலிக்கும். பின்சுவரில் பழைய சேலைகளையும் ஜமுக்காளங்களையும் தொங்கவிட்டோம், பாதி அடங்கியது. பிளாஸ்டிக் நாற்காலி நகரும் கீச்சுச் சத்தம் இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது, முன்பாதியில் விரிப்பு போட்டுத் தரையில் உட்கார வையுங்கள். டியூப் லைட் சோக் இரைகிறதா என்று காலி மண்டபத்தில் ஒரு தடவை கண்ணை மூடி நின்று கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேதி வைக்காதீர்கள், தகரத்தில் மழை விழுந்தால் நாடகம் அன்றோடு முடிந்தது. மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆட்கள் வீட்டில் இருப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது, நூறு ரூபாய் டிக்கெட்டை நீட்டவே மனசு வராது. நாங்கள் ஆடியில் வைத்தோம். முகூர்த்தம் இல்லாத மாதம், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆனால் கச்சான் காற்று பேயாக அடிக்கும், வெளியே பேனர் நிற்காது. விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

அனுமதிக்கு ஒரு காவல் நிலையத்தில் முழுப் பிரதியையும் கேட்டார்கள். 1954-ம் ஆண்டு நாடகச் சட்டப்படி அப்படி ஒரு காலம் இருந்தது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்துவிட்டது. அதைப் பணிவாகச் சொல்லி, ஒலிபெருக்கி அனுமதிக்கான மனுவை மட்டும் கொடுத்தோம். அது கட்டாயம் வேண்டும். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கிடையாது என்பதால் ஏழுக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியும்படி வெட்டினோம். முதல் நாள் விருந்தினர் ஒருவர் முக்கால் மணி நேரம் பேசியதில் அந்தக் கணக்கும் கெட்டது. முடிந்ததும் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருந்துச்சு தம்பி, ஆனா கடைசில பையனுக்குக் குணமாயிருச்சுன்னு காட்டியிருக்கலாம்ல" என்றார். அன்றைக்கு இருந்த களைப்பில் அழுகை வந்துவிட்டது. இரண்டு மணி நேரம் என்னதான் காட்டினோம் என்று தோன்றியது. பாம்பன் அம்மாதான், "விடுங்க தம்பி, எங்க மாமியாரும் பதினாறு வருஷமா அதத்தான் கேக்குறாங்க" என்றார்.

மறுநாள் பகல் காட்சி இந்தக் குடும்பங்களுக்காக மட்டும். வெளிநாட்டில் இதை ரிலாக்ஸ்டு காட்சி என்கிறார்கள், இப்போது பல இடங்களில் வழக்கம். மண்டபம் 300 பேர் கொள்ளும், 80 பேரை மட்டும் அனுமதித்தோம். விளக்கைப் பாதி எரியவிட்டோம், திடீர் இருட்டு கிடையாது, கதவு திறந்தே இருக்கும், எழுந்து போகலாம், சத்தம் போடலாம். மாப்பிள்ளை அறையை அமைதி அறை ஆக்கினோம். பாய், தலையணை, ஏசி, ஒருவரும் உள்ளே பேசக் கூடாது. அந்த அறைக்கு இதைவிட நல்ல உபயோகம் இருக்க முடியாது. மண்டபத்து வாசல், படி, கழிப்பறை, மேடை, நடிகர்கள் வேஷத்தோடும் வேஷம் இல்லாமலும் என்று படங்களை வரிசையாக அடுக்கி, எந்தக் காட்சியில் சத்தம் வரும் என்றும் எழுதி, ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். குடும்பங்களை எப்படிக் கண்டுபிடிப்பது என்று திணறிக்கொண்டிருந்தபோது பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்கள்தான் கைகொடுத்தார்கள். அவர்களிடம் முதலிலேயே போயிருந்தால் நாடகத்துக்கே நல்லது நடந்திருக்கும். விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு எதுவும் அன்றைக்குக் கிடையாது.

ஏலக்கூடக் காட்சியில் எட்டு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை மேடை ஏறி, தெர்மோகோல் மீன்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அப்பா பதறி எழுந்தார். எங்கள் நடிகன் கையால் சைகை காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, அவளைத் தாண்டிப் போகாமல் அவளைச் சுற்றிப் போய் வசனத்தைச் சொன்னான். ஒத்திகையில் சொல்லிக் கொடுத்ததில்லை அது. காக்கையாக நின்றவர் மட்டும் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார். விதிப்படி தப்புதான். நான் கேட்கவில்லை.

கணக்கில் இன்னும் ஒன்று பாக்கி. ஒலி, ஒளிக்கு இரண்டு நாளைக்கு 48,000 பேசியிருந்தோம், 6,000 கொடுக்க வேண்டியிருக்கிறது. காக்கா கேட்பதில்லை. ஏலக்கூடத்தில் பதிவு செய்த சத்தத்தை நாங்கள் பயன்படுத்தவே இல்லை என்பதுதான் அவருக்கு வருத்தம். அடுத்த தடவை முதல் மணி அடிப்பதற்கு முன்னாலாவது ஐஸ் மெஷினை விட வேண்டும் என்கிறார். நான் இன்னும் சம்மதிக்கவில்லை.